சித்தப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் என் கிரைண்டர்

என் செல்லத் தம்பி குணாவுக்கு,

நீ போன இடத்தில் மழை உண்டா என்று தெரியவில்லை. இங்கே விட்டபாடில்லை. பட்டறைத் தகரக் கூரை இன்னும் அதே மூலையில்தான் ஒழுகுகிறது. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லையடா, கோபத்தில் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "அக்கா, மொதல்ல தண்ணி குடி" என்றிருப்பாய். குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கோபம் போகவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த பிறகு இங்கே நடந்ததை உனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நானே சொல்கிறேன். உன் பதினாறாம் நாள் காரியம். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவினார்கள். பாரோயிலிருந்து வந்த சித்தப்பா பட்டறைக்குள் போய் நின்றுகொண்டு, "பையன் ஞாபகமா ஆளுக்கொன்னு எடுத்துக்குங்க லா" என்றிருக்கிறார். நான் அப்போது எஸ்டேட் லயத்துக் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் சுவர்ப் பலகை காலி. ஒவ்வொரு சாமானையும் பலகையில் வைத்து நீ பென்சிலால் சுற்றி வரைந்திருந்தாயே, அந்தக் கோடுகள் மட்டும் மிச்சம் இருந்தன.

யார் எதை எடுத்தார்கள் தெரியுமா? பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து நான் காவடிச் சட்டங்களின் பிசிறை இழைக்கும் சின்ன கிரைண்டரைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அதன் முனையை இறுக்கும் குட்டி ஸ்பேனரை மாமா மகன் மோகன் எடுத்துக் கார்ச் சாவியில் கோத்துக்கொண்டான். உருளைக் கல், உப்புத்தாள் உருளை, பாலிஷ் போடும் கம்பளி முனை என்று நான் வகை பிரித்து வைத்திருந்த பிஸ்கட் டின் அத்தையோடு போய்விட்டது. டின் அழகாக இருந்ததாம். உள்ளே இருந்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் துருப்புடிச்ச ஆணிதானே, வீசிட்டேன்" என்றார்.

ஒரு சாமானை மூன்றாகப் பிய்த்து மூன்று வீட்டுக்கு அனுப்பினால் அது யாருக்கு ஞாபகம், குணா? ஸ்பேனர் இல்லாமல் முனையை மாற்ற முடியாது. முனை இல்லாமல் கிரைண்டர் சும்மா சுற்றத்தான் சுற்றும். இது தெரியாதவர்களுக்கு எதற்கு அந்தச் சாமான்?

அதைவிட எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறு. அவர்கள் எடுத்துப்போன எதுவும் உன்னுடையது இல்லை. எல்லாம் என்னுடையது.

சிரம்பான் கடையில் கிரைண்டர் வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதாக, கனமானதாக ஒன்றை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ அதை அப்படியே என்னிடம் நீட்டினாய். "புடிக்கப்போறது அக்கா, அவங்ககிட்ட பேசுங்க" என்றாய். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து என் விரல்களுக்குள் அடங்க வேண்டும், சுவிட்ச் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும், வேகத்தைக் குறைத்தால் உண்மையிலேயே குறைய வேண்டும். அலுமினியத்தில் வேகமாக ஓட்டினால் அது இளகிக் கல்லில் அப்பிக்கொள்ளும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் கைக்கு அடக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதும் அந்த மனிதர் உன் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னார்.

அன்றிலிருந்து வேலை தானாகப் பிரிந்துவிட்டது. நீ கம்பியை வளைப்பாய், வெல்டிங் வைப்பாய், வந்தவர்களிடம் பேசுவாய். நான் உள்ளே உட்கார்ந்து காவடிச் சட்டத்தின் விளிம்பு, மயில் தோகை வெட்டு, தோளில் உட்காரும் வளைவு என்று எல்லாவற்றையும் இழைப்பேன். வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "குணா கைவேலைன்னா சும்மாவா" என்பார்கள். "அக்கா செஞ்சது" என்று நீ ஒவ்வொரு தடவையும் சொன்னாய். அதை உன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு உன்னையே இன்னும் அதிகமாகப் பாராட்டினார்கள். உன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எத்தனை தடவை சொன்னால் இவர்கள் காதில் விழும்?

இதையெல்லாம் மனதுக்குள் போட்டு மூடியிருப்பேனோ என்னவோ, கௌசி வந்து நின்றாள். செண்டாயான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு உன்னிடம் சட்டம் செய்யச் சொன்னாளே, அவள்தான். குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. நீ பற்றவைத்த கடைசிச் சட்டமும் அதுதான். தோள் வளைவில் வெல்டிங் வைத்த இடமெல்லாம் பிசிறு பிசிறாக நிற்கிறது. அப்படியே தூக்கினால் கோயில் வாசலுக்குப் போவதற்குள் தோலைக் கிழித்துவிடும். தைப்பூசம் வேறு நெருங்குகிறது.

"அக்கா, ஆகுமா ஆகாதான்னு சொல்லிடுங்க. வேற எடத்துல குடுக்கணும்னா இப்பவே குடுக்கணும்" என்றாள். பிறகு சட்டத்தைத் தடவிக்கொண்டே, "குணா அண்ணன் கை பட்டது. வேற கை பட வேணாமேன்னு இருக்கு" என்றாள். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. செய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்கிறாயா? எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் அதை மாற்றுவேன். பேரிங் இரைந்தால் பேரிங்கை மாற்றுவேன். அதற்கும் அடங்காவிட்டால் மிஷினையே மாற்றுவேன். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் இல்லை நான். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் சாமானை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு நான் ஏன் கடை கடையாக அலைய வேண்டும்?

மோகனிடம் போனில் கத்தினேன், ஸ்பேனர் மறுநாளே வந்துவிட்டது. முனைகளைப் புதிதாக வாங்கினேன். அவை தேய்கிற சாமான், எப்படியும் வாங்கத்தான் வேண்டும். பிறகு பஸ் பிடித்துப் பாரோய்க்குப் போனேன்.

சித்தப்பா வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி. உள்ளே உன் படம், படத்துக்கு முன்னால் என் கிரைண்டர். மண்டையில் சந்தனமும் குங்குமமும், காற்று போகிற துளைகளில் எல்லாம் விபூதி. ஒயரை அதன் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் ஒரு மாலை. ஆயுத பூஜைக்குக்கூட நாம் அதன் பெட்டிக்குத்தானே பொட்டு வைப்போம்? சாம்பல் உள்ளே போனால் பேரிங்கை அரித்துவிடும். ஒயரைச் சுற்றி இறுக்கினால் கழுத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். நம் ஊர் ஈரத்துக்கு அதை மூடிய பெட்டியில், காலுக்குப் போடும் சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வைத்திருந்தவள் நான். அதை இப்படிச் சாமியாக்கி வைத்திருந்தார்கள்.

"இத எடுத்துக்கிட்டுப் போக வந்தேன் சித்தப்பா."

"என்னம்மா பத்மா இப்படிச் சொல்ற? பையன் தொட்ட பொருளு. நீ கடையில வேற வாங்கிக்க லா."

"பையன் தொட்டது இல்ல. நான் தொட்டது."

"பொம்பளப் புள்ள, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"கௌசி காவடி பாதியில நிக்குது. அதுக்குத்தான்."

அவர் அலமாரிக் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கெழம சாமி கும்பிட்டதும் கொஞ்சம் ஓட விடுவேம்மா. நான் எஸ்டேட்டுக்கு வரப்பெல்லாம் செம்பனைக் காடு தாண்டுனதுமே இந்தச் சத்தம் கேக்கும். பையன் வேலையில இருக்கான்னு நெனச்சுக்குவேன். இப்பவும் கேட்டா, அவன் உள்ள இருக்குற மாதிரியே இருக்கு."

குணா, அந்தச் சத்தம் நான்.

அதை அவரிடமே சொன்னேன். "அது நான் சித்தப்பா. இத்தன வருசமா நீங்க கேட்டது என் சத்தம்." என்னையும் மீறிக் குரல் உயர்ந்துவிட்டது. அடுப்படியிலிருந்து சித்தி வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைத்தான் பார்த்தார். "நீங்க எஸ்டேட்டுக்குப் போறப்பெல்லாம் கை முழுக்க அலுமினியத் தூளோட வந்து தேத்தண்ணி போட்டுக் குடுத்தது யாரு? ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து மாலையைக் கழற்றி மிஷினை என் கையில் வைத்தார்.

சித்தப்பா குழந்தை மாதிரி அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் அப்படியே இருந்தது. "சத்தம் கேக்கணும்னா வெள்ளிக்கெழம பட்டறைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மிஷினைப் பிரித்தேன். பேரிங் போய்விட்டது, மாற்றினேன். கார்பனையும் ஒயரையும் மாற்றினேன். தட்டி எடுத்த விபூதியைக் குப்பையில் போட மனம் வரவில்லை, துளசிச் செடிக்கடியில் கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு! "கோயில் இல்ல சித்தப்பா, பட்டறை. கீழ தூளு கெடக்கு, செருப்பப் போடுங்க" என்று அதட்டி, ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு திறந்து என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது பையன் சொல்லிக் குடுத்ததாம்மா?" என்றார். மிஷினை நிறுத்தி, "இல்ல" என்றேன். திரும்பவும் ஓட்டினேன். இவர்களை என்ன செய்வது, சொல்!

அடுத்த வெள்ளி கௌசி வந்தபோதும் அவர் அதே ஸ்டூலில் இருந்தார். தோள் வளைவில் பழைய பட்டுத்துணியை இழுத்துக் காட்டினேன், ஒரு நூல்கூட மாட்டவில்லை. அவள் சட்டத்தைத் தோளில் ஏற்றிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அப்படியே குணா அண்ணன் கை மாதிரியே இருக்குக்கா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொன்னார்: "அவன் கையே இதுதாம்மா."

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாளில் யாரும் தொடாமல் விட்டுப்போன சாமான் ஒன்று உண்டு. கதவுக்குப் பின்னால் தொங்கும் உன் வெல்டிங் முகமூடி. கருகி, கீறல் விழுந்து, வார் உன் வியர்வையில் கறுத்துப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அந்தப் பட்டறையில் உண்மையிலேயே உன்னுடையது அது ஒன்றுதான். ஞாபகம் வேண்டும் என்று வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கையால் தொடவில்லை.

நான் அதற்கு மாலை போட மாட்டேன், கண்ணாடிக்குள்ளும் வைக்க மாட்டேன். அடுத்த வருஷத்துச் சட்டங்களுக்கு இப்போதே ஆட்கள் கேட்கிறார்கள். இனி வெல்டிங்கையும் நானே பிடிக்கப் போகிறேன். கறுப்புக் கண்ணாடி வெடித்தால் கண்ணாடியை மாற்றுவேன், கூடு உடைந்தால் கூட்டையும் மாற்றுவேன். அதுவரை அது என் தலையில்தான் இருக்கும், இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. உன் தலை பெரிது, எனக்கு நழுவி மூக்குக்கு வருகிறது. வாரைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக் கட்டியிருக்கிறேன். புது வார் மட்டும் இப்போதைக்கு வாங்க மாட்டேன்.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரி,
உன் அக்கா பத்மா