ரிவர்ஸ் விழாத வண்டி

அன்புள்ள வெற்றிச்செல்விக்கு அம்மா எழுதுவது. குரும்பலூரில் நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது.

விஷயம் நம் காரைப் பற்றித்தான். நீ கேட்கும்போதெல்லாம் "அதுக்கென்ன பாப்பா, ராஜா மாரி ஓடுது" என்கிறாரே, அது பொய். ஆடியிலிருந்தே ரிவர்ஸ் விழுவதில்லை, என்ஜின் உறுமும், வண்டி அசையாது. பெரம்பலூரில் நல்ல நிழல் காலியாக இருந்தாலும் விட்டுவிட்டு, நேராக எடுக்கிற மாதிரி இடம் தேடி ஊரைச் சுற்றும்போதே எனக்குச் சந்தேகம். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஷெட்டுக்குள் பலமில்லாத அந்த இடது காலை ஊன்றிக்கொண்டு தனியாக முன்னால் நின்று தள்ளிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் உள்ளே உட்கார்ந்து நியூட்ரலில் போடுவார், நான் தள்ளுவேன். எதிர்வீட்டு மலர்க்கொடி, "என்னக்கா, காருக்கும் உங்களுக்கும் சண்டையா, தெனம் முட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள். நான் கூச்சத்தில் முந்தானையால் வண்டியைத் துடைப்பதுபோல் துடைத்தேன்.

போன வாரம் வரதராஜன்பேட்டையில் கண்ணகி மகள் கல்யாணம். முந்திரிக்காட்டு ஓரம் யோசித்துத்தான் நிறுத்தினார், சாப்பிட்டு வருவதற்குள் எவனோ முன்னால் வேனைப் போட்டுவிட்டான். பந்தியிலிருந்து ஆட்கள் வந்து பின்னால் தள்ளினார்கள். உன் பிச்சைமுத்து மாமா, "ஏன் மச்சான், ஆட்டோமேட்டிக்னா தானா போவும்னீங்க, நாங்கல்ல போறோம்" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அப்புறம் அரியலூர் வரும்வரை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டே ஓட்டினார். அங்கே பெட்ரோல் போட்டு ரோட்டில் ஏறினோம், பாதி ரோட்டில் முன்னாலும் போகாமல் நின்றுவிட்டது. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று பக்கத்தில் வந்து பிரேக் அடித்தது. "யோவ் பெருசு, வூட்டுல சொல்லிட்டு வந்தியா" என்று கத்தினான் அந்த டிரைவர், அதே கல் லாரியை அத்தனை வருஷம் ஓட்டிய மனுஷனைப் பார்த்து. பிறகு வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியது.

மெக்கானிக் இராமலிங்கம் கியர் ஆயிலை முகர்ந்து பார்த்து, கருகிவிட்டது, இனி ஓட்டக் கூடாது, திருச்சிக்கு ஏற்றிக்கொண்டுபோய்ப் பிரித்தால் சரியாகிவிடும் என்றார். அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார். அடம்பிடித்துக் கேட்டதில்தான் சொன்னார், "அங்க வுட்டா அதோட சரி, இதான் சாக்குன்னு பாப்பா வித்துடச் சொல்லிடும். அப்புறம் கிளட்சு மிதிக்க எனக்கு ஏது காலு" என்று. பொங்கலுக்கு வந்தபோது வண்டியை விற்றுவிட்டு ஆட்டோவில் போங்கப்பா என்று நீ நல்லதற்குத்தான் சொன்னாய். ஆனால் லாரியிலிருந்து விழுந்து இடது கால் பலம் போனபிறகு, யாராவது கூட்டிப்போவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நீ வேலைக்குப் போய் கிளட்சே இல்லாத அந்தக் காரை வாங்கிக் கொடுத்த மறுநாள் தனியாக ஆலத்தியூர் வரை ஓட்டிப்போய்ச் சும்மா திரும்பி வந்தார். இறங்கும்போது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அதனால் இனி விற்கிற பேச்சை எடுக்காதே. நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. லீவுக்கு வருகிறேன், அரியலூர் ஸ்டேஷனுக்கு நீங்கதான் கார் எடுத்துக்கிட்டு வரணும்ப்பா என்று மட்டும் சொல். மறுநாளே வண்டியைத் திருச்சிக்கு அனுப்பிவிடுவார். ஸ்டேஷனில் எந்த இடுக்கில் வேண்டுமானாலும் நிறுத்தட்டும், அவரே பின்னால் எடுக்கட்டும். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து வருவேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். குழந்தைக்குச் சளி என்றாயே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. கடிதம் கிடைத்ததும் போனில் "அங்க முருங்கைக்கீரை கிடைச்சுதும்மா" என்று சொல், நான் புரிந்துகொள்வேன்.

உன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும்,
அம்மா வளர்மதி