செல்வியின் வண்டி ஏன் நின்றது

அன்பு வேலு மச்சானுக்கு,

உன் பழைய கார் நேற்று சேத்தியாத்தோப்பு வரைக்கும் எங்கேயும் நிற்காமல் போய் வந்தது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீ போனதிலிருந்து அது என் தங்கையைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சூளையிலிருந்து வந்த பீங்கான் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு செல்வி பெண்ணாடம் கிளம்புவாள். பாதி வழியில் இன்ஜின் அப்படியே அணைந்துவிடும். பின்னால் கரும்பு டிராக்டர்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கடைசியில், "வித்துடலாம்ணே. நல்லூர்லேர்ந்து ஒருத்தரு பாக்க வர்றாரு" என்றாள். வண்டி போனால் அவள் வியாபாரமும் போச்சு. அதுவும் உன் வண்டி. விற்றுவிட்டு அவளுக்கு மனசு ஆறுமா?

நம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் என் பங்கு, எலக்ட்ரானிக்ஸ் உன் பங்கு. இப்போது ரெண்டும் என் தலையில். ஸ்கேனரை மாட்டினேன், ஒரு குறையும் இல்லை என்று சாதித்தது. சந்தேகத்தின் பேரில் ஒரு சென்சாரை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன். நான் தனியாக ஓட்டினால் சமர்த்தாகப் போகிறது, அவள் ஓட்டினால் நிற்கிறது. "ஒனக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். நீ இருந்திருந்தால் என் வாயை அடைத்திருப்பாய்.

எந்த வண்டி வந்தாலும், வழக்கமாக அதில் யார் யார் போவார்களோ அத்தனை பேரையும் ஏறச் சொல்வாயே. "தெனம் எப்பிடிப் போறீங்களோ அப்பிடியே போய்க் காட்டுங்க" என்பாய். ஒரு தடவை கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பத்தையே ஏற்றி பைபாஸில் சுற்றினாய். நான் கிண்டல் செய்தேன். அன்றைக்கும் கோளாறை நீதான் கண்டுபிடித்தாய். உன்னைப் போல ஒரு வேலைக்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை, மச்சான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

நல்லூர்க்காரர் வருவதற்குள் செல்வியைக் கூப்பிட்டு, "எப்பவும் ஏத்துற மாதிரி ஏத்தும்மா" என்றேன். எல்லாப் பெட்டியையும் பின் சீட்டில் அடுக்கி அவள் ஓட்ட, நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மணிமுத்தாற்றுப் பாலம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் வண்டி நின்றது. பெட்டிகளை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கினேன். டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றும் பம்புக்குப் போகிற ஒயர் பாரத்தில் நசுங்கி, தோல் உரிந்து கிடந்தது.

"இவ்ளோ பாரத்தையும் ஏன் பின்னாடியே வக்கிற? முன் சீட்டு சும்மாதான இருக்குது?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது அவரு எடம்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ இருந்தவரை அவள் ஓட்டுவாள். உடைந்துவிடக் கூடாது என்று நீ ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொள்வாய், இன்னொன்றைக் காலடியில். அந்த ரெண்டும் இப்போது பின் சீட்டில் ஏறியிருக்கின்றன. இதை எந்த ஸ்கேனர் சொல்லும்? ரோட்டோரத்திலேயே அழுதுவிட்டேன், மச்சான்.

புது ஒயர் போட்டு, குழாய்க்குள் விட்டு, சீட்டு அழுத்தாத ஓரமாகக் கொண்டுபோய்விட்டேன். நல்லூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இனி எந்த வண்டி வந்தாலும் ஆட்களை ஏற்றிப் பார்த்த பிறகுதான் பானெட்டைத் திறப்பேன். செல்வி எவ்வளவு பாரம் ஏற்றினாலும் சரி, முன் சீட்டில் ஒரு பெட்டி வை என்று இனி சொல்ல மாட்டேன்.

உன் செல்வியின் அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்,
ராஜு