மேட்ச் பாயிண்டில் அழுத குழந்தை

என் செல்லத்துக்கு,

இன்றைய டென்னிஸ் காலிறுதியில் முதல் இரண்டு செட்டையும் பறிகொடுத்தேன். மூன்றாவதில் எனக்கு எதிராக மேட்ச் பாயிண்ட்; இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்விதான். நடப்புச் சாம்பியன் சர்வ் போடப் பந்தை எறிந்த நேரம் பார்த்து, பார்வையாளர் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அவர் நிறுத்திவிட்டு மறுபடி எறிந்தார். அதுவும் மறுபடி வீறிட்டது. இரண்டு சர்வும் வலையில் விழுந்தன. அதன்பிறகு அவருக்குக் கை ஓடவில்லை. நம் இரட்டைக் குழந்தைகளிடம் ஆறு மாதம் பழகிய என் காதுக்கு அழுகை உறைக்கவேயில்லை. ஐந்தாவது செட்டில் ஜெயித்துவிட்டேன்!

"இவ்ளோ மன உறுதி! யார்கிட்ட பயிற்சி எடுத்தீங்க?" என்றார் நிருபர்.

"வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. சம்பளமே வாங்கறதில்ல," என்றேன்.

இந்த ஹோட்டல் அறையில் ஒரு சத்தமும் இல்லை. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. அரையிறுதிக்கு மூன்று பேரும் கிளம்பி வந்துவிடுங்கள்.

உன்,
பிள்ளைகளின் அப்பா