'இறங்கு' என்ற சொல்லும் நாளைய ஞாயிறும்

என் பிரியமான அண்ணா,

நீ போய் நாலு வருஷமாகிறது. ஆம்பூரில் நீ வேலை பார்த்த அதே தோல் ஆலையில், அதே கழிவுநீர்த் தொட்டியை நாளை ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யப் போகிறார்கள். உள்ளே இறங்கப் போவது நம் தம்பி குமார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் நான். 'இறங்கு' என்ற சொல் பாடத்தில் வந்தால் மட்டும் நிற்காமல் தாண்டிப் போய்விடுவேன். இந்த வாரம் ஏனோ அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறோம், காய்ச்சல் இறங்குகிறது, பூசாரி மேல் சாமி இறங்குகிறது. அந்தக் காலத்தில் வழிப்போக்கன் சத்திரத்தில் இறங்கினான் என்றால் அங்கே தங்கினான் என்று பொருள். வேரைத் தேடினால் வளைவது, தாழ்வது என்று போகிறது. கும்பிட்டு இறைஞ்சுவதும் அதற்கு உறவுதான் என்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன் அண்ணா. திரும்ப மேலே வருவது என்று ஒரு பொருள்கூட அதில் இல்லை.

அன்று நீ செய்த தப்பு இப்போது எனக்குத் தெரியும். தோல் ஊறும் தண்ணீரின் நாற்றத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். நாற்றம் அடித்தால் ஒதுங்குவோம், நின்றுவிட்டால் நிம்மதியாகிவிடுவோம். நீ தொட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து பார்த்து, "நாத்தமே இல்லடா, விஷக்காத்து போய்டுச்சு" என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு இறங்கினாய். பிணவறை வாசலில் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: அந்தக் காற்று அதிகமானால் முதலில் மூக்குத்தான் செத்துப்போகுமாம்.

இதைக் குமாரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இன்று மதியம் சாப்பிட வந்தவன் சிரிக்கிறான்.

"காலையிலயே மூடியத் தெறந்து வச்சிட்டாங்கக்கா. பக்கத்துலயேதான் நின்னுட்டு வர்றேன். நாத்தம் ரொம்பக் கம்மி ஆயிடுச்சு."

"டேய், அண்ணனும் இதையேதான்டா சொன்னான்."

"சும்மா பேஜார் பண்ணாதக்கா. முடியாதுன்னா திங்கக்கெழம வேலைக்கே வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. நான் இன்னா பண்றது?"

ரசத்தை ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்கு பூண்டு போடலியா?" என்று கேட்டான்.

ஒரு முழுப் பூண்டைத் தட்டிப் போட்டிருந்தேன், அண்ணா. வாசம் தெருமுனை வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

அவன் போன பிறகு, புகார் சொல்ல வேண்டிய இடத்துக்கு நாலு முறை போன் செய்தேன். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நாளை அவன் எழுந்திருக்கும் முன்பே ஆலைக்குப் போய்விடுவேன். தொட்டிக்குள் விட்டிருக்கும் ஏணியின் மேல்படியில் உட்காருவேன். இழுத்துப் போட்டால் மறுபடி போய் உட்காருவேன். அவன் வேலை போனால் போகட்டும், என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். உன்னை மேலே தூக்கியபோது நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் அங்கே இருப்பேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள், குமாரின் அக்கா,
செல்வி