ஏழாவது வரியில் ‘லேசு’

12-7-1961, புதன். காலை 7.40. விழுப்புரம் ஆஸ்பத்திரி. குரல்வளையில் மரு வளர்ந்த குழந்தைகள், இன்றோடு ஏழு. புழுக்கம்.

ஏழாவது: செல்வி, வயது நாலு. மரக்காணம் பக்கம் மீனவக் குப்பம். தாய் பாக்கியம். மருவை எடுத்தாயிற்று. திரும்ப முளைக்கும். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி. என் அட்டவணைப்படி, குரல் சின்ன வயதிலேயே கெட்டால் கடுமை, பிந்திக் கெட்டால் லேசு.

“குரல் எப்போம்மா கெட்டது?”

“அது பொறந்து பத்து நாளு இருக்க சொல்லவே சார், எங்க நாத்தனா வந்து...”

“கதை வேண்டாம். மாசம் சொல்லு.”

“மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வந்திச்சே, அதுக்கப்புறம் சுத்தமா அடைச்சிக்கிச்சு.”

ஆக, நாலு வயதில். அட்டவணையின் ஏழாவது வரியில் ‘லேசு’ என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன்.

14-7, வெள்ளி. செல்வியை வீட்டுக்கு அனுப்பினேன். கரகரத்த குரலில் “டாட்டா டாக்டரு”. வார்டு சிஸ்டர்: “மூணு மாசம் அதிகம் இல்லீங்களா சார்?” அட்டவணையைக் காட்டினேன். “அட்டவணைக்கு மூச்சு வாங்காது சார்.” வாய் அதிகம். சைக்கிள் பஞ்சர். மெஸ்ஸில் மறுபடி பூசணிக்காய்.

18-8, வெள்ளி. மழை. பிற்பகல் 2.15. செல்வி. ஐந்தே வாரம். உதடு நீலம். மூச்சுக்கு மூச்சு தொண்டைக் குழி உள்ளே போகிறது. திண்டிவனத்தில் பஸ் மாறும்போதே கண் சொருகிவிட்டதாம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தோம். பிழைத்தாள்.

19-8, சனி. விழித்ததும் அழுதாள். வாய் திறந்திருக்கிறது, கண்ணீர் ஓடுகிறது, சத்தம் இல்லை.

“இன்னா சார், கொயந்த அயுவுது, சத்தமே வர்லியே?”

குழாய் இருக்கும்வரை வராது என்றேன். எத்தனை நாள் என்றாள். தெரியாது.

பாக்கியம் கத்தவில்லை. “பொறந்தப்பவே அதுக்குப் பூனைக்குட்டி மாரி சத்தம்தான் சார். எங்க நாத்தனா ‘பூன’ன்னுதான் கூப்புடும். அன்னிக்கி அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க மாசம் கேட்டீங்க.”

பிறந்ததிலிருந்தே. ஏழு பேரில் மிகக் கடுமை இவளுக்குத்தான். அட்டவணை சரி. கேட்டவன் தப்பு.

இனி:

1. முதல் கேள்வி: கைக்குழந்தையில் அழுகை எப்படி இருந்தது?
2. மற்ற ஆறு தாய்மாரிடமும் கேட்க. கார்டு போட்டால் போதாது, நேரில்.
3. செல்விக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை.
4. குழாய் கழுவப் பாக்கியத்துக்குச் சொல்லித்தர. அவசரப்படாமல்.
5. ஏழாவது வரியில் ‘லேசு’ இருக்கட்டும். அழிக்காதே.