குருத்தோலைக்குள் ஒரு சீட்டு

கடலூர்
ஞாயிறு

மாமா,

பிட்காயின் வைத்திருந்த பழைய போன் உடைந்துவிட்டது, அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல் என்று நேற்று கேட்டீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நமக்குக் கல்யாணமான வருஷத்துக் குருத்தோலை ஞாயிறு நினைவிருக்கிறதா? மறுநாள் உங்களுக்குக் குவைத் விமானம். ஓலையில் நான் சிலுவை பின்ன, பிட்காயின் கணக்கைத் திறக்கும் சாவி என்று போனில் வந்த பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை நீங்கள் சீட்டில் எழுதினீர்கள். "இது போச்சுன்னா பிட்காயின் மொத்தமும் போச்சு, பத்திரம்" என்றீர்கள். சிலுவைக்குள் மடித்துச் செருகி, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தோம். சாயங்காலம் சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி காரத்துக்கு உங்கள் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு!

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. "விலை ஏறட்டும், வந்துடுறேன்" என்றீர்கள். ஏறியது. "இன்னும் ஏறும்" என்றீர்கள்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரிக்க, கோவில் உபதேசியார் பழைய குருத்தோலை கேட்டு வரும்போதெல்லாம் சீட்டை உருவிக்கொண்டுதான் கொடுப்பேன்; புது ஓலை வந்ததும் அதற்குள் செருகிவிடுவேன். இந்த வருஷம் சீட்டோடு அப்படியே கொடுத்துவிட்டேன். மறதியா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தச் சாம்பலைத்தான் என் நெற்றியில் பூசினார்கள். இனி விலை ஏறக் காத்திருக்க எதுவும் இல்லை, மாமா. வந்துடுங்க.

உங்கள் வீட்டுக்காரி