எங்கள் ரேடியோ நின்ற நாள்

12 ஆகஸ்ட் 2006, சனி. தாம்பரம்.

இன்று மாலை நானும் ரஃபீக்கும் எங்கள் இணைய ரேடியோவை நிறுத்திவிட்டோம். இரண்டு வருடமாகப் பல்லாவரத்தில் அவன் வீட்டு மாடி அறையிலிருந்து நடத்தியது. அதை ஓட்டிய மென்பொருள் எல்லாம் முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தவை. பாட்டும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். போன வாரம் பாட்டின் உரிமைக்காரர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

காலையில் அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "எஃப்.எம். ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் இருக்கு தம்பி. ரெண்டு பேர் வீட்லேர்ந்து நடத்துறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே" என்றார். எஃப்.எம். லைசென்ஸை எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது.

ஐந்து மணிக்கு ரஃபீக் சர்வரை நிறுத்தினான். பத்து நிமிடத்தில் குவைத்திலிருந்து அவன் அக்கா நூர்ஜஹான் போன் செய்தார். கணவர் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை எங்கள் ரேடியோதான். ரஃபீக் போனை என் கையில் கொடுத்துவிட்டான்.

"இன்னாடா, பாட்டு நின்னு போச்சு? அங்க கரண்ட் இல்லையா?"

"ஆமாக்கா."

"வந்தவுடனே போடுங்கடா. வூடே வெறிச்சுனு கீது."

"சரிக்கா" என்றேன்.

உண்மையை அவரிடம் யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் ரயில் ஏறி வந்துவிட்டேன். கரண்ட் வந்துவிட்டதா என்று அவர் இன்னும் எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.